பெரிய கால்பந்து ஆட்டக்காரர்கள் நல்ல பயிற்றுநர் ஆவதில்லை என்கிறார்களே, தாய்லாந்தின் சீக்கோ விதிவிலக்கா?

மலேசியக்காரனிடம் சீக்கோவைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் பதில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு: முழுப்பெயர் கியாத்திசுக் சேனாமுவாங். உடோன் தானிக்காரர், 1973இல் பிறந்தவர். சீக்கோ என்பது பிரேசிலின் பிரபல ஆட்டக்காரர் சீக்கோவின் பெயரிலிருந்து ஒட்டிக்கொண்ட பட்டம். தாய்லாந்துக்காக 130க்கும் மேற்பட்ட ஆட்டங்கள், 70 கோலுக்கு மேல். கோல் போட்டதும் ஒரு குட்டிக்கரணம். 1996இல் சிங்கப்பூரில் நடந்த முதல் டைகர் கிண்ண (தென்கிழக்காசிய நாடுகளின் போட்டி) இறுதியாட்டத்தில் எங்களுக்கு எதிராக விழுந்த ஒரே கோல் அவருடையது. 1‑0. என் அப்பா வானொலியை அணைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தது நினைவிருக்கிறது. அப்புறம் அதே மனிதர் எங்கள் பெர்லிஸ் மாநில அணிக்கும் வந்து ஆடினார், அது வேறு கதை.

1999இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் அணிக்குப் போனார். முதல் அணியில் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்காமல் திரும்பினார். அவர் பயிற்றுநராக வளர்ந்தது அதற்குப் பிறகு வியட்நாமில்தான் என்பது என் கணிப்பு. பிளேய்கு என்ற மலைநாட்டு ஊரின் ஹவாங் ஆன் யா லாய் அணியில் 2002இல் சேர்ந்தார். 2003, 2004 இரண்டு ஆண்டும் அவர்களே லீக் சாம்பியன். ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுக்க ஆரம்பித்தது அங்கேதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2014 டிசம்பர் 20, சுசுகி கிண்ண (அதே டைகர் கிண்ணம்தான், பெயர் மாறியிருந்தது) இறுதியின் இரண்டாம் ஆட்டம், கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கம். தாய்லாந்துக்கு அப்போது சீக்கோதான் பயிற்றுநர். பாங்காக்கில் 2‑0 தோற்றுவிட்டு வந்திருந்தோம். நான் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்), உட்கார இடமில்லாமல் தூணோரம் நிற்கிறேன். ஒரு மணி நேரத்துக்குள் 3 கோல் போட்டுவிட்டோம்! மொத்தக் கணக்கில் 3‑2, கிண்ணம் எங்களுக்கு. பக்கத்தில் நின்ற அண்ணன் எல்லார் தே தாரிக் தேநீருக்கும் தானே காசு கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

சீக்கோவின் பையன்கள் பதறிப்போய்ப் பந்தை உயரத் தூக்கி அடிப்பார்கள் என்று காத்திருந்தோம். அடிக்கவில்லை. அதே குட்டிக் குட்டி பாஸ், தரையோடு. 82ஆவது நிமிடம் சாப்புய், 87இல் சனாதிப். 158 செ.மீ. உயரம்தான் அந்தப் பையன்! கடையில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் ஆள் ஆனார் சீக்கோ. தாய்லாந்துக்கு அது 12 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த கிண்ணம். அண்ணன் காசு கொடுத்தாரா என்றால், கொடுத்தார்.

3‑0 பின்தங்கியிருக்கும்போதும் பழகிய ஆட்டத்தை மாற்றாமல் இருக்க ஒரு அணியைப் பழக்குவது லேசான வேலை இல்லை. அதனால்தான் விதிவிலக்கு என்கிறேன். 2016லும் கிண்ணத்தைத் தக்கவைத்தார்.

அதற்கு மேலே போனபோதுதான் சறுக்கியது. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஈராக்கையும் முந்திக் குழுவில் முதலிடம் பிடித்து அடுத்த சுற்றுக்குப் போனார்கள். அங்கே ஜப்பான், சவுதி, ஆஸ்திரேலியா. ஆஸ்திரேலியாவோடு 2‑2 என்று சமன் செய்தது தவிர மற்றதெல்லாம் தோல்வி, 7 ஆட்டத்தில் 1 புள்ளி. 2017 மார்ச்சில் ஜப்பானோடு சைத்தாமாவில் 4‑0, மூன்றாம் நாள் பதவி விலகிவிட்டார். அவரைக் குறை சொன்னவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சுற்று வரைக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனது யார்?

பிறகு 2021இல் பழைய வியட்நாம் அணிக்கே பயிற்றுநராகப் போனார். பட்டியலில் முதலிடத்தில் நிற்கும்போது கொரோனா என்று லீக்கையே ரத்து செய்துவிட்டார்கள், கிண்ணம் யாருக்கும் இல்லை. அந்த ஒரு தடவை மட்டும் அந்த மனிதருக்காக எனக்கே கொஞ்சம் மனசு கஷ்டப்பட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை.