லேத் டூலுக்குப் பழைய இரும்பு: கேட்டவர்களுக்கு என் பதில்

28 வருடம் தேயிலை பெக்டரி வேலைத்தளத்தில் லேத்தோடு, அதாவது இரும்பு கடையும் இயந்திரத்தோடு, கிடந்தவன் நான். அதில் இரும்பை வெட்டுகிற கூர்முனைதான் டூல். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹட்டனில் இருந்து ஒரு தம்பி: அண்ணே, உடைந்த லொறி ஸ்பிரிங் பட்டை நிறையக் கிடக்கிறது. டூல் செய்யலாமா?

கவ்வாத்துக் கத்தி அடியுங்கள், உளி அடியுங்கள், அதற்கு அருமையான இரும்பு. ஆனால் கரிமம் 0.6 சதவீதம் அளவில்தான் இருக்கும், லேத்தில் இரும்பு கடைந்தால் கொஞ்ச நேரத்தில் நுனி மழுங்கிவிடும். அரத்தில் அதைவிட இரண்டு மடங்கு கரிமம் இருக்கிறது, ஆனாலும் 250 பாகை செல்சியஸ் சூட்டைத் தாண்டினால் அதுவும் இளகும். ஹைஸ்பீட் உருக்கில் டங்ஸ்டனும் மொலிப்டினமும் கலந்திருப்பதால் 600 பாகை வரை கடினம் குறையாது. அதனால் உடைந்த டிரில் பிட், தேய்ந்த ரீமர் (துளையைச் சீராக்கும் கருவி), பவர் ஹெக்சோ பிளேட் இவற்றைத் தேடுங்கள். நெருப்பே வேண்டாம், சாணையில் பிடித்து வடிவம் எடுத்தால் முடிந்தது.

பண்டாரவளை: எது ஹைஸ்பீட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாணையில் பறக்கும் தீப்பொறியைப் பாருங்கள். அரத்தைச் சாணையில் வைத்தால் வெள்ளையாகப் பூப்பூவாக வெடிக்கும், மத்தாப்பு மாதிரி. ஹைஸ்பீட் என்றால் பொறி கொஞ்சம்தான், மங்கிய செம்மஞ்சளாக வெடிக்காமல் போகும். ஒரு எச்சரிக்கை, பெரிய டிரில் பிட்டின் பிடிப்பகுதி வேறு இரும்பில் பற்றவைத்தது, அதில் முனை தீட்டி ஏமாந்திருக்கிறேன். இப்போது வரும் பிளேட் பலவற்றிலும் பல்வரிசை மட்டும்தான் ஹைஸ்பீட், முதுகு வெறும் இரும்பு. இரண்டு பக்கமும் பொறி பாருங்கள்.

மஸ்கெலியா: பழைய அரத்தைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தேன், கீறல் விழுந்துவிட்டது.

பல்லை அரைத்து எடுக்காமல் தோய்த்திருப்பீர்கள், ஒவ்வொரு பல்லின் அடியும் கீறல் தொடங்குகிற இடம். அதோடு மார்கழி மாதத்து நம்ம பீலித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அவ்வளவு குளிர் ஆகாது, வெதுவெதுப்பாக வையுங்கள். சிரட்டைக்கரித் தணல் போதும். காந்தம் ஒட்டாமல் போகிற சூட்டுக்குச் சற்று மேலே, அதற்கு மேல் காய்ச்சினால் உருக்கின் உள்மணி பருத்து நுனி உதிரும். தோய்த்த பிறகு ஒரு பக்கத்தைப் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு, பின்பக்கத்தில் இருந்து மெதுவாகச் சூடு காட்டுங்கள். வெட்டும் நுனிக்கு வைக்கோல் மஞ்சள் வந்ததும் நிறுத்துங்கள், அது 220 பாகை அளவு. உண்மையில் வளைக்கத் தேவையில்லை என்றால் அரத்தைக் காய்ச்சவே வேண்டாம், அது ஏற்கெனவே கடினம்தான். தண்ணீரில் நனைத்து நனைத்து அரைத்துவிட்டு, இந்த மஞ்சள் மட்டும் காட்டினால் சரி.

தலவாக்கலை: அரைக்கும்போது நுனி நீலமாகிறது, கெட்டுவிட்டதா?

அரம் என்றால் கெட்டது, நீலம் போகும்வரை அரைத்துத் தள்ளுங்கள். ஹைஸ்பீட் என்றால் கவலை இல்லை, ஆனால் அந்தச் சூட்டோடு தண்ணீரில் போடாதீர்கள், மயிரிழைக் கீறல் வரும்.

நுவரெலியா: பித்தளை புஷ் (தண்டு சுழலும் உள்வளையம்) கடையும்போது டூல் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

டூலின் மேல் முகத்தில் சாய்வு கொடுத்திருப்பீர்கள். பித்தளைக்குச் சாய்வே கூடாது, மட்டமாக விடுங்கள். இரும்புக்கு 10 முதல் 15 பாகை சாய்வு. பக்கவாட்டிலும் முன்னாலும் 6 முதல் 8 பாகை ஒதுக்கம், அதாவது கடையும் பொருளில் படாமல் விலகும் சரிவு, எல்லாவற்றுக்கும் வேண்டும், இல்லாவிட்டால் வெட்டாமல் உரசும்.

ஹட்டன் தம்பி மறுபடியும்: வேகம் எவ்வளவு வைக்க?

25 மில்லிமீற்றர் இரும்புக் கம்பிக்கு ஹைஸ்பீட் என்றால் நிமிடத்துக்கு 380 சுற்று. அரத்து டூல் என்றால் 150, அவசரப்பட்டால் நுனி போய்விடும்.

கொட்டகலை: உடைந்த கார்பைட் துண்டை (டூல் நுனியாக வைக்கும் மிகக் கடினமான துண்டு) இரும்புத் தண்டில் ஒட்டலாமா?

வெண்காரம் போட்டுப் பித்தளையால் ஒட்டலாம். ஆனால் சாதாரண சாம்பல் நிறச் சாணைக்கல் அதைத் தீட்டாது, பச்சை நிறக் கல் வேண்டும். அந்தத் தூளில் கோபால்ட் இருக்கிறது, வாய்க்கும் மூக்குக்கும் மாஸ்க் போடாமல் தொடாதீர்கள்.