க்ளிக் ஒலியை மிருதங்கக் கலைஞரின் ஹெட்ஃபோனுக்கு மட்டும் அனுப்புவது எப்படி?

ஆர்டர் (Ardour) என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில் பாடகரையும் மிருதங்கக் கலைஞரையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும்போது, மெட்ரோனோமின் க்ளிக், அதாவது காலப்பிரமாணம் காட்டும் தட்டொலி, மிருதங்கக் கலைஞருக்கு மட்டும் கேட்க வேண்டும், பாடகருக்குக் கேட்கக் கூடாது, இறுதிக் கோப்பிலும் வரக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் முடியும். க்ளிக்கைப் பாட்டின் ஒரு பகுதியாக எண்ணாமல், அதற்கென்று தனி வழி அமைத்துக் கொடுத்துவிட்டால் போதும்.

ஆர்டரில் க்ளிக் என்பது மிக்ஸரில் உள்ள தடங்களில் ஒன்று அன்று. எல்லாத் தடங்களும் ஒன்றுசேரும் மாஸ்டர் பஸ்ஸுக்குள் அது நுழையாமல், இன்டர்ஃபேஸின் (மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் கருவியின்) முதல் வெளியீடுகளுக்கு நேராகப் போகும்படிதான் இயல்பாக இணைக்கப்பட்டிருக்கும். மாஸ்டர் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) முழுவதும் இறக்கினாலும் க்ளிக் கேட்டுக்கொண்டே இருப்பதற்கும், எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் அது இல்லாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். பலர் இதைக் குறையாகக் கருதுகிறார்கள். என் பார்வையில் இது மிகச் சரியான ஏற்பாடு. கோப்பில் க்ளிக் வேண்டுமென்றால், அதை ஒரு தடத்தின் உள்ளீட்டில் இணைத்துப் பதிவு செய்துகொள்ளலாம்.

முதலில் ஆளுக்கொன்றாக இரண்டு ஸ்டீரியோ பஸ்களை (பல தடங்களின் ஒலியைச் சேர்த்து அனுப்பும் வழிகளை) உருவாக்கி, ‘மிருதங்கம் காது’, ‘பாடகர் காது’ என்று பெயரிடுங்கள். புதிய பஸ் பெரும்பாலும் மாஸ்டரோடு இணைந்தே பிறக்கும். அந்த இணைப்பை நீக்கிவிட்டு, பஸ்ஸின் வெளியீட்டை அவரவர் ஹெட்ஃபோனுக்குரிய வெளியீட்டில் சேருங்கள். இதை மறந்தால் அதே குரல் தடத்தின் வழியாகவும் பஸ்ஸின் வழியாகவும் இருமுறை மாஸ்டருக்குள் வந்து, அளவுகள் சமமாக இருந்தால் 6 டெசிபல் வரை ஏறிவிடும். அடுத்து ஒவ்வொரு தடத்திலிருந்தும் இரு பஸ்களுக்கும் சென்ட் (ஒலியின் நகலை அனுப்பும் கிளைவழி) வையுங்கள். அது ஃபேடருக்கு முன்னால் இருக்க வேண்டும்; நீங்கள் எதையோ சரிபார்ப்பதற்காகக் குரலின் ஃபேடரை இறக்கும்போது, பாடிக்கொண்டிருப்பவரின் காதில் குரல் மறையக் கூடாது. கலைஞர்களின் காதுக்கு ஒலி அனுப்பும் இந்த வேலைக்கென்றே ஃபோல்ட்பேக் பஸ் என்னும் வகையும் ஆர்டரில் உண்டு. ஆனாலும் ஒரு முறை சாதாரண பஸ்ஸில் கையால் இணைத்துப் பார்ப்பது, ஒலி எங்கிருந்து எங்கே போகிறது என்பதை நன்றாகப் புரியவைக்கும்.

இனி ஆடியோ கனெக்ஷன்ஸ் சாளரத்தைத் திறந்து, மூலங்களின் பக்கத்தில் க்ளிக்கைத் தேடுங்கள். இன்டர்ஃபேஸ் வெளியீடுகளுக்கு நேரே உள்ள அதன் குறிகளை நீக்கி, ‘மிருதங்கம் காது’ பஸ்ஸின் உள்ளீடுகளில் மட்டும் குறியிடுங்கள்.

ஆனால் உங்கள் இன்டர்ஃபேஸில் எத்தனை வெளியீடுகள் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டே வெளியீடுகள் உள்ள சிறிய கருவிகளில் ஹெட்ஃபோன் துளை பெரும்பாலும் அவற்றின் நகல்தான். அப்போது இரு பஸ்களையும் மோனோவாக்கி, ஒன்றை இடப்பக்கத்துக்கும் மற்றொன்றை வலப்பக்கத்துக்கும் அனுப்பி, பிரிப்புக் கேபிள் கொண்டு ஆளுக்கொரு பக்கம் கொடுக்கலாம். ஸ்டீரியோ போய்விடும், ஆனால் பதிவுக்கு அது தடையில்லை.

தாளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆர்டரின் க்ளிக் ஒவ்வொரு பாரின் (தாளச் சுற்றின்) முதல் அடியை மட்டுமே அழுத்திக் காட்டும். ஆதி தாளத்துக்கு அது போதும். மிச்ர சாபுவில் 7/8 என்று வைத்தால் ஏழு தட்டுகள் சரியாக விழுந்தாலும், 3+2+2 என்ற அதன் நடை காதில் விழாது. வாசிப்பவர் அதை மனத்துக்குள் பிரித்துக்கொண்டே வாசிக்க நேரும். அதற்கு மெட்ரோனோமை அணைத்துவிட்டு, ஒரு மிடி தடத்தில் (ஒலிக்குப் பதிலாக வாசிப்புக் குறிப்புகளை வைக்கும் தடத்தில்) அந்தப் பிரிவின்படி தட்டுகளை நீங்களே எழுதி, அந்தத் தடத்தை மாஸ்டரில் சேர்க்காமல் மிருதங்கக் கலைஞரின் பஸ்ஸுக்கு மட்டும் அனுப்புவது எவ்வளவோ மேல். ஒலியையும் மெல்லிய, கூர்மை குறைந்ததாகத் தேர்ந்தெடுங்கள். கூரான க்ளிக் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து, பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அவருடைய மைக்கில் துல்லியமாகப் பதிவாகிவிடும். பின்னால் அதை எடுப்பது பெரும்பாடு. காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன் அவசியம்.

கடைசியாக, தாமதம். 48,000 ஹெர்ட்ஸில் பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குத் தேக்கி வைத்துக் கையாளும் ஒலியின் அளவு, 128 சாம்பிள் என்றால் சுமார் 2.7 மில்லிநொடி, 1024 என்றால் 21 மில்லிநொடிக்கு மேல். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்குமாக இது இரட்டிப்பாவதால், பெரிய பஃபரில் வாசிப்பவருக்குத் தம் வாசிப்பு க்ளிக்குக்குப் பின்தங்கியே கேட்கும். பதிவின்போது பஃபரைக் குறைத்து வையுங்கள். மைக்கின் ஒலியைக் கணினிக்குள் போகாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும், இன்டர்ஃபேஸின் நேரடிக் கண்காணிப்பையும் அணைத்துவிடுங்கள், இல்லையேல் ஒரே ஒலி இருமுறை கேட்டுக் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். ஆடியோ அமைப்புச் சாளரத்தில் தாமதத்தை அளக்கும் வசதி இருக்கிறது. ஒரு வெளியீட்டையும் ஓர் உள்ளீட்டையும் கேபிளால் இணைத்து அதை அளந்து சேமித்துவிட்டு, அதே கேபிள் வழியாகக் க்ளிக்கையே ஒரு தடத்தில் பதிவு செய்து பெரிதாக்கிப் பாருங்கள். தட்டுகள் பீட் கோடுகளின் மேல் விழவில்லையென்றால், கலைஞர்களை அழைப்பதற்கு முன் மறுபடியும் அளந்துவிடுங்கள்.