ரீவோ மடமும் ஈயக் கூரையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ரீவோ மடாலயத்தின் இடிபாடுகளைப் பார்த்தேன். செழிப்பாக இருந்த மடத்தை மன்னன் எட்டாம் ஹென்றி மதவெறியில் இடித்துவிட்டான் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அப்படித்தானா?

கவிதா

அன்புள்ள கவிதா,

1538 டிசம்பரில் மடத்தை மூடியது ஹென்றிதான். ஆனால் அப்போது அது செழிப்பாக இருந்தது என்பது சரியில்லை.

பிரான்சின் கிளேர்வோவிலிருந்து வந்த சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவுச் சபையினர் 1132-ல் தொடங்கிய மடம் அது. பள்ளத்தாக்கு குறுகல் என்பதால், கிழக்கு மேற்காக அமைய வேண்டிய கோயிலைக் கிட்டத்தட்ட வடக்கு தெற்காகக் கட்டியிருக்கிறார்கள். கவனித்தீர்களா? ஏல்ரெட் மடாதிபதியாக இருந்த காலத்தில் (1147–67) 140 துறவிகளும் 500 பணிச் சகோதரர்களும் இருந்ததாக அவருடைய சீடர் வால்ட்டர் டேனியல் எழுதுகிறார். சீடர் சொல்லும் கணக்கு, கொஞ்சம் கூடவே இருக்கலாம். துறவிகள் கோயிலில் பைபிளின் சங்கீதங்களைப் பாட, உழுததும் ஆடு மேய்த்ததும் இந்தச் சகோதரர்கள்தான். ஆட்டு ரோமம்தான் மடத்தின் வருமானம்.

அப்புறம் ஆடுகளுக்குச் சொறிநோய், தலைக்குமேல் கடன், 1322-ல் ஸ்காட்லாந்துப் படையின் கொள்ளை, கொள்ளைநோய் என்று வரிசையாக அடி. 1381-ல் மடாதிபதியைத் தவிர 14 துறவிகள், 3 சகோதரர்கள். மூன்றே பேர்! நிலத்தைக் குத்தகைக்கு விட்டுத்தான் காலம் தள்ளினார்கள். நோயாளிகளுக்கென்று கட்டிய பெரிய கூடம் பின்னாளில் மடாதிபதியின் வீடானது. ஹென்றியின் ஆட்கள் வந்தபோது இருந்தவர்கள் இருபது சொச்சம்.

போப்போடு ஹென்றிக்கு இருந்த பகை உண்மைதான். ஆனால் இடித்த விதத்தைப் பார்த்தால் பக்தியோ வெறியோ தெரியவில்லை, காசுதான் தெரிகிறது. இடம் ரட்லண்ட் பிரபுவுக்கு, கூரையிலிருந்த ஈயம் அரசனுக்கு. ஈயத்தை உரித்து அங்கேயே உருக்கி, கட்டியாக வார்த்து, அரச முத்திரை குத்தினார்கள். கூரை போன சுவர் மழையில் எத்தனை நாள் நிற்கும்?

அந்தக் கட்டிகளில் சில இடிந்து விழுந்த கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டன. 1920-களில் இடிபாட்டைச் சுத்தம் செய்தபோதுதான் கிடைத்தன. யார்க் பேராலயத்தின் 'ஐந்து சகோதரிகள்' கண்ணாடிச் சாளரத்தை அப்போது பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் துண்டுகளை இணைக்க அந்த ஈயம் போனது. யார்க் நகருக்கும் போயிருந்தால் அதைப் பார்த்திருப்பீர்கள்.