வாப்பாவுக்கு ஆஞ்சியோவுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், பயத்தில் வர மறுக்கிறார். எப்படித் தேற்றுவது?

கீழக்கரையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் பாம்பன்காரி, மதுரையில் கேத் லேப் நர்ஸ். ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு இதயத்தில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, எங்கள் அறையில்தான் நடக்கும். நம்ம பக்கத்து ஆட்களை நிறையப் பார்க்கிறேன்.

"ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். அதைக் கேட்டதும் மனுஷன் வாயை மூடிக்கொள்வார், பயம் அப்படியே கிடக்கும். எதுக்குப் பயம் என்று கேளுங்கள். விசைப்படகுக்காரர் ஒருவர் கையெழுத்தே போடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். ஊசியெல்லாம் அவருக்குப் பெரிதில்லை. வலது மணிக்கட்டில் ஏர்வாடி தர்காவில் கட்டிய கயிறு. குழாய் விடுவதும் அங்கேதான். யாரோ "அறுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். "அறுக்க வேணாண்ணே, அவிழ்த்து இடது கையில கட்டிக்குவோம்" என்றேன். பேனாவை வாங்கிக்கொண்டார்.

அடுத்து, நடக்கப்போவதை உள்ளபடி சொல்லுங்கள். முழு மயக்கம் கொடுப்பதில்லை. மணிக்கட்டை மட்டும் மரக்கவைப்போம். டாக்டர் பேசுவது காதில் விழும். ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காகச் சாயம் ஏற்றும்போது சிலருக்கு உடம்பு குப்பென்று சூடாகும், ஒண்ணுக்குப் போய்விட்ட மாதிரிகூட இருக்கும். முன்பே தெரிந்தவர் சிரிக்கிறார். தெரியாதவர் "போச்சு, எல்லாம் போச்சு" என்று பதறுகிறார். (யூடியூபில் ஆபரேஷன் வீடியோ காட்டும் மச்சான் யாராவது இருந்தால் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.)

ஒருவேளை பைபாஸ் என்று வந்தால், கண் விழிக்கும்போது வாயில் குழாய் இருக்கும், பேச முடியாது என்பதை அவசியம் சொல்லுங்கள். தண்ணீர், வலி இரண்டுக்கும் கைச்சைகை பேசி வைத்துக்கொள்ளலாம். அறுத்த நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகு என்ன செய்யப்போகிறார் என்று இப்போதே பேசுங்கள். ஜெர்மனியில் மார்பர்க் நகரத்தில் 124 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஆபரேஷனுக்கு முன்பே இப்படிப் பேசித் திட்டம் போட்டவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஆறு மாதம் கழித்து அன்றாட வேலைகளில் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் சுருண்டு கிடந்தால் "வயசாச்சுல்ல" என்று விட்டுவிடாதீர்கள். இதய நோயாளிகளுக்கு மனச்சோர்வு சகஜம், சிகிச்சையும் உண்டு. ரிவ்யூவுக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு அடித்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.