யாரைக் கேட்டு மாட்டினார்கள்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஆர்ச்சி மூரைப் பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தேன். ஆஸ்திரேலியத் தொல்குடிக் கலைஞர், 2024-இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் சிறந்த நாட்டு அரங்குக்கான தங்கச் சிங்கம் என்ற பரிசை வாங்கியவர், அந்த நாட்டுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை, அவ்வளவுதான். வந்த கடிதங்களில் பாதி அவரைப் பற்றியே இல்லை! அருங்காட்சியகம், ஏலம், டி-சர்ட் என்று எங்கெங்கோ போகின்றன. சரி, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேள்வி: மூர் செய்ததில் பழங்குடிக் கலை எங்கே இருக்கிறது? அக்ரிலிக், கேன்வாஸ் என்று வந்துவிட்டாலே அந்தக் கலை செத்துவிட்டது என்பது என் கருத்து.

பதில்: உங்கள் கருத்து உங்களோடு இருக்கட்டும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூர் கையில் எடுத்தது சாக்பீஸ். அரங்கின் சுவர்களைக் கரும்பலகை மாதிரிக் கறுப்பாக்கி, அதில் 65,000 வருடத்து வம்சாவளியைக் கையாலேயே எழுதினார். நடுவில் ஒரு நீர்த்தொட்டி. அதன் மேல், காவலில் இறந்துபோன தொல்குடியினரின் மரண விசாரணை அறிக்கைகள் கட்டுக்கட்டாக. காவி மண் இல்லை, மரப்பட்டை இல்லை. ஆனால் கமிலராய், பிகம்புல் என்ற தொல்குடிகளைச் சேர்ந்த தன் முன்னோர் வழியைத் தெரிந்துகொண்ட ஒருவர்தான் அதைச் செய்ய முடியும்.

மத்தியப் பிரதேசத்து ஓவியர் ஜன்கர் சிங் ஷியாமை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்த பர்தான் கோண்டுகள் என்ற பழங்குடிப் பிரிவினர் பரம்பரையாகப் பாடகர்கள், பானா என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துக்கொண்டே கோண்டுகளின் தெய்வக் கதைகளைப் பாடுகிறவர்கள். பட்டான்கர் கிராமத்தில் வீட்டுச் சுவரில் வரைந்துகொண்டிருந்த இளைஞரை, எண்பதுகளின் தொடக்கத்தில் போபாலின் பாரத் பவன் என்ற கலை மையத்துக்காக ஓவியர் ஜே. சுவாமிநாதன் அனுப்பிய குழு பார்த்தது. தாளும் புட்டிச் சாயமும் கைக்கு வந்ததும் அவர் போட்ட புள்ளியும் கோடும்தான் இன்று உலகம் முழுக்க கோண்டு ஓவியம் என்று அறியப்படுகிறது. அதற்கு முன்னால் அந்த வடிவத்தில் அது இல்லவே இல்லை. பாரம்பரியம் என்று நாம் கும்பிடுகிற பலவற்றுக்கு நம் வயதுதான் இருக்கும்.

கேள்வி: சிகாகோவில் அமெரிக்கப் பூர்வகுடிப் பொருட்கள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளை மூடி வைத்திருக்கிறார்களாம். மராமத்து வேலையா, எதையாவது மறைக்கிறார்களா?

பதில்: இரண்டும் இல்லை. பூர்வகுடிகளின் எலும்புகள், கல்லறைப் பொருட்கள், புனிதப் பொருட்கள் ஆகியவற்றை அருங்காட்சியகங்கள் பட்டியல் போட்டு உரியவர்களிடம் தர வேண்டும் என்று 1990-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. ஆனால் 'எந்தக் குடிக்குச் சேர்ந்தது என்று அடையாளம் காண முடியவில்லை' என்று எழுதி வைத்துவிட்டால் வருடக்கணக்கில் இழுத்தடிக்கலாம், பலர் இழுத்தடித்தார்கள். 2024 ஜனவரியில் விதிகளை இறுக்கினார்கள். திருப்பித் தருவது ஒரு பக்கம் இருக்க, காட்சிக்கு வைப்பதற்கே முன்கூட்டிச் சம்மதம் வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் சில பெட்டிகளை மூடியது, நியூயார்க்கில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு பெரிய கூடங்களையே மூடியது. கைவசம் சம்மதம் இருந்திருந்தால் மூட வேண்டிய அவசியமே வந்திருக்காது இல்லையா?

கேள்வி: திருப்பிக் கொடுத்ததை வெயிலிலும் மழையிலும் போட்டு மக்க விடுகிறார்கள் என்று படித்தேன். இதற்கு அருங்காட்சியகத்திலேயே இருந்திருக்கலாமே?

பதில்: நீங்கள் படித்தது நியூ மெக்சிகோவில் இருக்கும் சூனி மக்களைப் பற்றியதாக இருக்கும். அஹாயூதா என்று இரட்டைப் போர்த் தெய்வங்கள் அவர்களுக்கு உண்டு. மான் குலத்தாரும் கரடிக் குலத்தாரும் மரத்தில் செதுக்கி, ஊரைச் சுற்றியுள்ள மேடுகளில் திறந்தவெளிக் கோயில்களில் வைப்பார்கள். புதியது வந்ததும் பழையதைத் தூக்கி எறிவதில்லை, பக்கத்திலேயே கிடத்துவார்கள், அது அங்கேயே மெல்ல மெல்ல மண்ணோடு மண்ணாகும். மக்கி மண்ணில் சேர்வதும் அதன் வேலையில் ஒரு பகுதி. அதைப் பிடுங்கிக் கொண்டுபோய்ப் பூச்சி மருந்து அடித்து, குளிரூட்டிய அறையில் நிறுத்தி, 'பாதுகாத்துவிட்டோம்' என்றால் அவர்கள் கண்ணில் அது பாதுகாப்பு ஆகுமா?

சூனி தலைவர்கள் 1978-இல் கேட்க ஆரம்பித்தார்கள், டென்வர் கலை அருங்காட்சியகம்தான் முதலில் இறங்கி வந்தவற்றில் ஒன்று. அவர்கள் வாதம் ரொம்ப எளிமையானது: அஹாயூதா ஊருக்கே பொது, தனியாள் யாருக்கும் விற்க உரிமை இல்லை, ஆகவே வெளியே இருப்பதெல்லாம் திருட்டுச் சொத்து. கோயில் சிலை திருட்டைப் பற்றித் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரும்பி வந்தவற்றை மறுபடி யாரும் தூக்கிப் போகாதபடி வேலி போட்டு, ஆனால் மேலே வானம் பார்க்க வைத்திருக்கிறார்கள்.

இதற்காக எல்லோரும் மக்க விடத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவின் மேற்குக் கரையில் பாட்லாட்ச் என்ற விருந்துச் சடங்கை 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடை செய்திருந்தார்கள். 1921-இல் நடந்த ஒரு பாட்லாட்சில் கலந்துகொண்டவர்களைக் கைது செய்து, முகமூடிகளையும் சடங்குப் பொருட்களையும் ஒப்படைத்தால் சிறைக்குப் போக வேண்டாம் என்று பேரம் பேசினார்கள். அப்படி வாங்கிய பொருட்கள்தான் பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பொருட்களுக்குச் சொந்தக்காரர்களான குவாகுவாகாவாக்கு மக்கள் அவற்றை மீட்டு, 1980-இல் அலர்ட் பே என்ற ஊரில் உமிஸ்டா என்ற சொந்த அருங்காட்சியகத்தையே திறந்தார்கள். இத்தனை வருடம் பூட்டிக் கிடந்தது போதும் என்று முகமூடிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திடம் போய்ச் சேர்ந்திருந்த ஒரு முகமூடியும் 2005-இல் வந்தது, நீண்ட காலக் கடனாக. தன் வீட்டுப் பொருளை இரவல் வாங்கி வைத்துக்கொள்ளும் கொடுமை!

கேள்வி: ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் புள்ளி ஓவியங்களில் வட்டம் என்றால் நீர்நிலை, லாட வடிவம் என்றால் உட்கார்ந்திருக்கும் ஆள் என்று இணையத்தில் ஒரு பட்டியல் கிடைத்தது. நம்பலாமா?

பதில்: அரைகுறையாக நம்பலாம். அதே வட்டம் முகாமாகவும் இருக்கும், நெருப்பாகவும் இருக்கும். எது என்பது கதையைப் பொறுத்தது, அந்தக் கதை யாருடையது என்பதைப் பொறுத்தது, கேட்பவர் யார் என்பதையும் பொறுத்தது.

1971-இல் பப்பூன்யா என்ற மத்திய ஆஸ்திரேலியக் குடியிருப்பில், ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் ஊக்கம் கொடுக்க, பெரியவர்கள் பள்ளிக்கூடச் சுவரில் தேனெறும்புக் கதையை வரைந்தார்கள். அதுவரை மணலிலும் உடம்பிலும் போட்டுவந்த சடங்கு வடிவங்களைப் பிறகு பலகைகளில் வரையத் தொடங்கினார்கள். வந்தது வம்பு. தீட்சை பெற்ற ஆண்கள் மட்டும் பார்க்க வேண்டிய விஷயங்கள் சில பலகைகளில் அப்படியே இருந்தன, மற்ற ஊர்த் தொல்குடிப் பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். அதற்குப் பிறகு ஓவியர்கள் அவற்றை விட்டுவிட்டார்கள் அல்லது புள்ளிகளால் மூடினார்கள். நாம் அழகு என்று ரசிக்கிற புள்ளிகளில் ஒரு பங்கு திரைச்சீலை. அந்தத் தொடக்ககாலப் பலகைகளில் சிலவற்றை இன்றும் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதில்லை. உங்கள் பட்டியலில் விட்டுப்போனது விட்டுப்போனதாகவே இருக்கட்டும்.

கேள்வி: கோடிகளில் ஏலம் போகிறதே, வரைந்தவருக்கு என்ன கிடைக்கிறது?

பதில்: பெரும்பாலும் முதலில் விற்ற காசுதான். கிளிஃபர்ட் பாசம் ஜபல்ஜாரி என்ற ஆஸ்திரேலியத் தொல்குடி ஓவியர் 1977-இல் வரைந்த 'வார்லுகுலாங்' என்ற பெரிய ஓவியத்தை ஒரு வங்கி 1,200 டாலருக்கு வாங்கி, பயிற்சி மையத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருந்தது. 2007-இல் அது 24 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் போனது. ஓவியர் 2002-லேயே இறந்துவிட்டார், குடும்பத்துக்கு அந்த ஏலத்தில் சட்டப்படி எந்தப் பங்கும் கிடையாது. 2010-இல்தான் மறுவிற்பனையில் 5 சதவீதம் கலைஞருக்கோ வாரிசுக்கோ தர வேண்டும் என்ற சட்டம் அங்கே அமலுக்கு வந்தது.

இதையாவது ஏலக்கூத்து என்று விட்டுவிடலாம். 1966-இல் ஆஸ்திரேலியா அச்சடித்த ஒரு டாலர் நோட்டில் டேவிட் மலாங்கி என்ற தொல்குடி ஓவியரின் மரப்பட்டை ஓவியம் இருந்தது, அவரைக் கேட்காமலே! விஷயம் வெளியே வந்ததும் 1,000 டாலர், ஒரு பதக்கம், மீன்பிடிக்கும் சாமான்கள் கொஞ்சம் கொடுத்தார்கள். நாடே அவர் ஓவியத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தது, அவருக்கு மீன்பிடி சாமான்.

கேள்வி: எனக்கு நன்றாக வரைய வரும். இந்தப் பாணியில் டி-சர்ட் அச்சடித்து விற்க ஆசை. பாணிக்குக் காப்புரிமை கிடையாதாமே?

பதில்: கிடையாதுதான், ஆனாலும் வேண்டாம். தொல்குடி ஓவியங்களை அப்படியே நகலெடுத்து வியட்நாமில் கம்பளம் நெய்து ஆஸ்திரேலியாவில் விற்ற ஒரு நிறுவனத்தின் மேல் வழக்கு நடந்தது. வழக்குப் போட்ட ஓவியர்களில் ஒருவரான பந்துக் மரிக்கா வரைந்த, அவர் குலத்துப் புனித நீர்நிலை, ஜனங்கள் மிதித்து நடக்கும் தரைவிரிப்பாகிவிட்டது. அந்த வடிவம் வெளியே போனதற்கு அவர்தான் தன் குலத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். 1994-இல் நீதிமன்றம் சுமார் 1,88,000 டாலர் இழப்பீடு விதித்தது, பண நஷ்டத்துக்கு மட்டுமல்ல, பண்பாட்டு ரீதியான பாதிப்புக்கும் சேர்த்து. இன்றும் அங்கே நினைவுப்பொருள் கடைகளில் தொல்குடிப் பாணி என்று விற்பதில் பாதிக்கும் மேல் தொல்குடியினர் கை படாதவை. அந்தக் கும்பலில் நீங்களும் எதற்கு?

கற்றுக்கொள்ள வீட்டில் வரைந்து பாருங்கள், தப்பில்லை. உடுத்தத்தான் ஆசை என்றால், கலைஞர்களோடு ஒப்பந்தம் போட்டுத் துணி அச்சடிக்கும் இடங்கள் இருக்கின்றன. ஓவியம் வேண்டுமானால் 1972-இலிருந்து ஓவியர்களே சொந்தமாக நடத்தும் பப்பூன்யா துலா மாதிரி நிறுவனங்கள் இருக்கின்றன. எங்கே வாங்கினாலும் சீட்டில் வரைந்தவர் பெயர், ஊர், எந்தக் கதை என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'பழங்குடி டிசைன்' என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.