பழைய மோட்டார்ஹோமில் பிரேக்குக்கு ஏர் எடுப்பது என்றால் என்ன? ஆபத்தில்லாமல் எப்படிச் செய்வது?

பிரேக் குழாயில் சிக்கிய காற்றை பிரேக் ஆயிலோடு சேர்த்து வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். நுனியை அடைத்த சிரிஞ்சை அழுத்திப் பாருங்கள்: தண்ணீர் மட்டும் இருந்தால் கல் மாதிரி நிற்கும், காற்று இருந்தால் உள்ளே போகும். பிரேக் மிதியும் அப்படித்தான்.

மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி, டன் கணக்கில் எடை. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள். சமதரை, சக்கரக் கட்டை, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு மூன்றும் வேண்டும். சக்கரத்தருகே காற்றையும் ஆயிலையும் வெளியேவிடும் சிறு திருகுதான் நிப்பிள். துருப்பிடித்த நிப்பிள் சட்டென்று உடையும், அதனால் முந்தைய நாளே துரு இளக்கி தெளித்துவிடுங்கள். அப்புறம், மிதியை அழுத்தி நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேவிடும்போது, நிப்பிளை மூடிய பிறகே மிதியிலிருந்து காலை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று திரும்ப ஏறும். ஆயில் டப்பா வற்றினாலும் அதே கதை.

நாலைந்து முறை மிதித்ததும் மிதி கெட்டியாகிறதே, சரியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். காற்று அப்போதும் உள்ளேதான் இருக்கக்கூடும்.