வாசகர் கேள்வி பதில்: பீட்சாக் கடையில் என்ன கேட்பது, எப்படிச் சாப்பிடுவது?

கேள்வி: அக்கா, வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். வேலை கிடைத்த சந்தோஷத்தில் அப்பா அம்மாவைக் கோலாலம்பூரில் ஒரு பீட்சா ரெஸ்டாரண்டுக்குக் கூட்டிப் போனேன். ஓரமெல்லாம் கருகல், நடுவில் ஈரம், எடுத்தால் துவண்டு தொங்குகிறது. “வேகவே இல்லையே, இதுக்கா இவ்வளவு காசு” என்று அப்பா பாதியில் வைத்துவிட்டார். எங்களை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லைம்மா, யாரும் ஏமாற்றவில்லை. அப்பா சாப்பிட்டது இத்தாலியில் இருக்கும் நேப்பிள்ஸ் ஊர் பாணி பீட்சா, அது அப்படித்தான் வரும். கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், அவ்வளவுதான் அதில், எண்ணெய்கூடச் சேர்த்துப் பிசைவதில்லை. பல மணி நேரம் புளிக்கவிட்ட உருண்டையைக் கட்டையால் தேய்க்காமல், விரலால் நடுவிலிருந்து அழுத்தி அழுத்தி, உள்ளே இருக்கும் காற்றை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே விரிப்பார்கள். அதனால்தான் நடுப்பகுதி கால் சென்டிமீட்டர் கனத்துக்கு மெலிந்து போகிறது, ஓரம் மட்டும் 1, 2 சென்டிமீட்டர் உப்பி நிற்கிறது. 1984-இல் நேப்பிள்ஸில் தொடங்கிய பீட்சா சங்கம் இந்த அளவுகளை எல்லாம் எழுதியே வைத்திருக்கிறது. அடுப்பின் தளம் 400 டிகிரியை ஒட்டி இருக்கும், கூரைப் பக்கம் அதற்கும் மேலே, பீட்சா உள்ளே இருப்பது 60 முதல் 90 வினாடிதான். அந்த நேரத்துக்குள் தக்காளியின் ஈரமும் மொஸரெல்லா சீஸின் ஈரமும் வற்ற முடியாது, ஆனால் அதே சூடு ஓரத்தில் கரும்புள்ளி போட்டுவிடும். புள்ளியாக இருந்தால் நல்ல அடையாளம். அடிப்பக்கம் முழுக்கக் கரியாகி வாயில் கசந்தால் அது கவனக்குறைவு, தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கக்கூடியது ரோம் நகரத்துப் பாணி. அதில் மாவோடு எண்ணெய் சேர்ப்பார்கள், கட்டையால் தேய்ப்பார்கள், சூட்டைக் குறைத்துக் கூடுதல் நேரம் வேகவிடுவார்கள், நடுப்பகுதிகூட மொறுமொறுவென்று உடையும். சிக்கல் என்னவென்றால் நம் ஊரில் இரண்டையுமே ‘தின் கிரஸ்ட்’ (மெல்லிய அடி) என்றுதான் சொல்கிறார்கள். உட்காரும்போதே “நடுவில் மெத்தென்று இருக்குமா, முறுகலாக இருக்குமா” என்று கேட்டுவிடுங்கள், இதற்குக் கூச்சப்பட வேண்டாம். அப்புறம், முதல் தடவை மார்கெரித்தா என்ற பீட்சாவை வாங்குங்கள். தக்காளி, மொஸரெல்லா, துளசி இனத்து பேசில் இலை, ஆலிவ் எண்ணெய் மட்டும் இருப்பதால் மாவு நல்ல மாவா என்பது நாக்குக்கு உடனே தெரிந்துவிடும். இந்த மெல்லிய பீட்சாவில் நாம் காசு கொடுப்பதே மாவுக்கும் அடுப்புக்கும்தான். கோழி, காளான், அன்னாசி என்று மேலே குவித்தால் அதைத் தாங்கும் கனம் அதற்கு இல்லை.

கேள்வி: ஹலால் கடை என்றால் நாம் யோசிக்காமல் சாப்பிடலாம்தானே? என் மாமியார் மாட்டிறைச்சி தொடமாட்டார், புரட்டாசியில் முழுச் சைவம்.

பதில்: யோசிக்காமல் சாப்பிடக் கூடாது. ஹலால் கடையில் பன்றி இருக்காது, மாடு தாராளமாக இருக்கும். அங்கே பெப்பரோனி என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான், சில கடைகளில் கோழி. ‘பீஃப் பேக்கன்’, பொலோன்யேஸ் என்ற கொத்திறைச்சி சாஸ் இவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹலால் இல்லாத இத்தாலியக் கடைகளில் ஹாம், சலாமி, பான்செட்டா எல்லாம் பன்றி.

சைவத்தில் இன்னொன்றும் இருக்கிறது, இதை நம்மவர்கள் பலர் கவனிப்பதே இல்லை. பார்மிஜானோ சீஸ் செய்யப் பாலைத் திரிக்க வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட். இத்தாலியில் அதன் விதியே அப்படி. மேலே தூவும் சீஸ், பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோ சாஸ் இரண்டிலும் இந்தச் சீஸ் வரலாம். அதனால் உங்கள் மாமியாருக்கு மரினாரா பீட்சா சொல்லுங்கள்: தக்காளி, பூண்டு, ஒரேகானோ என்ற வாசனை இலை, ஆலிவ் எண்ணெய், சீஸே கிடையாது. சில கடைகள் அதன் மேல் நெத்திலி மாதிரியான ஆன்சோவி மீனை வைப்பதால் அதை மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுப்பும் கத்தியும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், சாப்பிடுவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும்.

கேள்வி: ஈப்போவில் வாங்கி பிள்ளைகளுக்குக் கட்டிக்கொண்டு வரலாமா?

பதில்: வேண்டாம். பெட்டிக்குள் ஆவி அடைத்து அது வீடு வருவதற்குள் பொட்டலத்தில் கட்டிய தோசை மாதிரி ஆகிவிடும். பிள்ளைகளையே கூட்டிப் போங்கள். நாலு பேர் போனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசைக்கு வரவழைக்காமல், ஒன்று முடிந்ததும் அடுத்ததைப் போடச் சொல்லுங்கள், எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் சூடாக வரும்.

கேள்வி: மெனுவில் 40 வெள்ளி, பில்லில் 46 வெள்ளிக்கு மேல். எப்படி?

பதில்: 10 விழுக்காடு சர்வீஸ் சார்ஜ், அது கடை வாங்குவது. 6 விழுக்காடு சேவை வரி, அது அரசாங்கத்துக்கு. 2024 மார்ச்சில் மற்ற பல சேவைகளுக்கு 8 ஆக ஏற்றியபோதும் சாப்பாட்டுக்கு 6 ஆகவே விட்டுவிட்டார்கள். ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டிய கடைகள்தான் இந்த வரியை வாங்க வேண்டும், எனவே எல்லாக் கடையிலும் இருக்காது. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

கேள்வி: கையால் சாப்பிட்டால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

பதில்: ஒன்றும் நினைக்க மாட்டார்கள், நேப்பிள்ஸ் தெருக்களில் நாலாக மடித்துக் கையால்தான் சாப்பிடுகிறார்கள். கடைக்குள் உட்கார்ந்தால் அங்கேயும் கத்தி, முள்கரண்டி எடுப்பார்கள். உங்களுக்கு எது வசதியோ அது.

கேள்வி: இதை வீட்டு அவனிலேயே செய்ய முடியாதா?

பதில்: நேப்பிள்ஸ் பாணி வராது, வீட்டு அவன் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். ரோம் பாணியை முயற்சி செய்யுங்கள். மாவில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைந்து, ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் கட்டையால் நன்றாக மெல்லிசாகத் தேயுங்கள். கனமான இரும்புத் தட்டை அவனுக்குள் அரை மணி நேரம் முழுச் சூட்டில் காயவிட்டு அதன் மேல் போடுங்கள். தக்காளியைக் கையால் பிசைந்து தண்ணீரை வடித்துவிட்டுத் தடவ வேண்டும், மொஸரெல்லாவையும் துணியில் ஒற்றி எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடி நனைந்து போகும்.